மயிரிழை உயரம்

இன்று காலை மேசை ரம்பத்தில் அறுபட்டுக்கொண்டிருந்த பலகையின் முன்விளிம்பு, நானே செய்த பணிமேசையின் ஓரத்தில் முட்டி நின்றுவிட்டது.

ஒரு மில்லிமீட்டர் உயர வேறுபாடுதான் காரணம்.

ஆனால் அறுபடும் பலகை பாதியில் தடைபட்டுச் சற்றே திரும்பினாலும், சுழலும் பற்கள் அதைக் கவ்வி நம்மை நோக்கியே வீசிவிடக்கூடும்.

ரம்பத்தை நிறுத்தி, மின்இணைப்பைத் துண்டித்து, அது அமர்வதற்காகப் பணிமேசையில் வெட்டியிருந்த பள்ளத்தின் அடியில் மெல்லிய பிளைவுட் துண்டுகளைச் செருகி, நேர்ச்சட்டத்தை மேலே வைத்துப் பார்த்துப் பார்த்து, ரம்பத்தின் தளம் மயிரிழை உயர்ந்து நிற்கும்வரை சரிசெய்தேன். முற்றிலும் சமமாக வைப்பதைவிட இதுவே நல்லது என்று உறுதியாக எண்ணுகிறேன். ஈரப்பதம் கூடினால் மரம் உப்பும், உலோகம் உப்பாது.

பலகையைக் கோணம் பிசகாமல் தள்ள உதவும் கோண வழிகாட்டி ஓடுகிற காடியையும், அதாவது ரம்பத் தளத்திலுள்ள நீள்பள்ளத்தையும், பணிமேசையிலும் தொடரும்படி நீட்டினேன்.

மாலையில் அதே பலகை, எங்கும் தயங்காமல், ஒரே ஓசையோடு மறுமுனைவரை வழுக்கிச் சென்றது.