ஒரு கள்ளன் பிடிபட்டான், மற்றவன் இன்னும் வெளியில்

கொம்பியூட்டரின் பவர் சப்ளையைத் திருத்தி இன்றோடு 19 நாள். ஒரு காலையிலாவது விசிறி அரைச் சுற்றுச் சுற்றிவிட்டு நிற்கவில்லை. நவம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்த கூத்து இது. மார்கழி மழை முழுக்க என்னைப் படாதபாடு படுத்திவிட்டு, தைப்பொங்கலும் கழிந்த பிறகுதான் பிடி கொடுத்தது. பிடிபட்டது பாதிதான் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன். இன்று பெப்ரவரி 4, சுதந்திர தின லீவு, வெளியே போகவும் மனமில்லை, ஆகவே எழுதுகிறேன்.

பெட்டி 2020இல் நானே பூட்டியது. ரைசன் 5 3600 புரொசசர், பி450 மதர்போர்ட், 8 ஜிபி டிடிஆர்4 ராம் குச்சி இரண்டு, 550 வாட்ஸ் பவர் சப்ளை. சப்ளையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கொரோனாக் காலம், கடையில் இருந்ததை வாங்கினோம். எங்கள் வீடு திருகோணமலையில் டச் பே பக்கம். கடலில் இருந்து கூப்பிடு தூரம். கேஸின் பின்பக்கத் திருகாணிகள் இரண்டாம் வருடமே துருப்பிடித்துவிட்டன, முன்பக்க யூஎஸ்பி வாயில் பச்சை பூத்திருக்கிறது. அதனால் எந்தக் கோளாறு என்றாலும் எனக்கு முதல் சந்தேகம் உப்புக் காற்றின் மேல்தான். இந்த முறை அந்தச் சந்தேகமே என்னைக் கனகாலம் சுற்ற வைத்தது.

நோய் இதுதான். காலையில் பொத்தானை அழுத்தினால் சில நாள் ஒழுங்காக எழும்பும், சில நாள் எழும்பாது. ஐந்தாறு தடவை அழுத்தினால், அல்லது தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து அழுத்தினால், ஒன்றுமே நடக்காதது போல எழும்பிவிடும். எழும்பினால் இரவு வரைக்கும் ஒரு குறையும் இல்லை. ரீஸ்டார்ட் செய்தாலும் பிசகாது. ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட் நாலு சுற்று ஓடியது, ஒரு பிழையும் இல்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் கடையில் சமர்த்துப் பிள்ளை.

வழக்கமான பூசைகளை எல்லாம் செய்தேன். ராமைக் கழற்றிப் பூட்டினேன். பட்டன் பற்றரியை மாற்றினேன், பழையது 2.98 வோல்ற் காட்டியது, காசுதான் வீண். பவர் சுவிச் மேல் சந்தேகப்பட்டு ரீசெட் சுவிச்சின் வயரைப் போர்டில் பவர் சுவிச்சுக்கான ஊசியில் மாற்றிக் கொழுவினேன். போர்டை வெளியே எடுத்து மட்டையின் மேல் வைத்து ஓடவிட்டேன். பச்சையையும் கறுப்பையும் பேப்பர் கிளிப்பால் தொடுக்கிற சோதனையும் பாஸ். அந்தச் சோதனையை நம்பி இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சுமை இல்லாமல் எந்தக் கிழட்டுச் சப்ளையும் விசிறியைச் சுற்றிக் காட்டும். பாரம் ஏற்றினால்தான் முழங்கால் நடுங்குவது தெரியும்.

அப்புறம்தான் பெரிய பிழையை விட்டேன். நிலாவெளியில் இருக்கும் மச்சான் தன்னுடைய சப்ளையை ஒரு கிழமைக்குத் தந்தான். (அது வந்த மட்டைப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய் வருவதற்குள் மான் ஒன்று மூலையைத் தின்றுவிட்டது. ஊரார் நம்புவார்கள், வெளியூரார் சிரிப்பார்கள்.) அந்தக் கிழமையிலும் இரண்டு நாள் பெட்டி எழும்பவில்லை. ஆகவே கொப்பியில் ‘சப்ளை நிரபராதி’ என்று எழுதி, அடியில் இரட்டைக் கோடும் இழுத்தேன். அந்தக் கோட்டை இப்போது பார்த்தால் வெட்கமாக இருக்கிறது.

கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 41 நாள் விடாமல் எழுதினேன். திகதி, நேரம், மழையா வெயிலா, எழும்பியதா இல்லையா. 14 நாள் ‘இல்லை’. மழை நாட்களில் கூடுதலாகப் பிசகியது போலத் தெரிந்தது, ஆனால் ஒத்துவராத நாட்களும் இருந்தன. ஈரம்தான் காரணம் என்று முடிவு கட்டி, வாடைக்காற்று வரும் பக்கத்து யன்னலை அடைத்து, கேஸுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் கட்டித் தொங்கவிட்டேன். ஒரு மாற்றமும் இல்லை.

ஒருநாள் விடிய ஐந்து மணிக்கு எழும்ப வேண்டி வந்தது. பார்த்தால், அம்மா மேசைக்குக் கீழே குனிந்து பிளக்கைச் செருகிக்கொண்டு நிற்கிறார்.

“என்னம்மா செய்யிறீங்கள்?”

“ராத்திரி இடி இடிச்சதெல்லோ. எல்லாப் பிளக்கும் கழட்டி விட்டனான். நீ எழும்ப முன்னம் திரும்பப் போட்டுவிடுறனான்.”

எத்தனை நாளாக என்று கேட்டேன். மழை தொடங்கின நாள் முதலாக என்றார். வானம் இருண்டாலே கழற்றிவிடுவாராம், இடி வேண்டும் என்றுகூட இல்லை. மழையை எழுதினேன், வெயிலை எழுதினேன், அம்மாவை எழுதவில்லை.

சரி, ஊகத்தை விட்டுச் சோதித்துப் பார்ப்போம் என்று 14 இரவு எடுத்துக்கொண்டேன். ஒன்றுவிட்டு ஒரு இரவு நானே பிளக்கைக் கழற்றினேன். கழற்றிய 7 இரவுகளில் 5 காலை எழும்பவில்லை. கழற்றாத 7இல் ஒரே ஒரு காலை. அந்த ஒன்று பல்லில் சிக்கிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பிளக் இரவு முழுக்க இருந்தால் என்ன நடக்கிறது? கொம்பியூட்டர் தூங்கினாலும் சப்ளைக்குள் ஒரு சின்னச் சுற்று தூங்குவதில்லை. அதுதான் ஊதா வயரில் 5 வோல்ற் ஸ்டாண்ட்பை கொடுக்கிறது. பொத்தானை அழுத்தியதைக் கேட்கிற போர்டின் காது அந்த 5 வோல்ற்றில்தான் உயிரோடு இருக்கிறது. இரவு முழுக்க ஓடினால் அந்தச் சுற்று இளஞ்சூடாக இருக்கும். கழற்றினால் ஆறிவிடும். அதற்குள் மின்னைத் தேக்கி வைக்கிற எலக்ட்ரோலைட்டிக் கபசிற்றர் வயதானதாக இருந்தால், ஆறினால் உள்தடை கூடும், சூடேறினால் குறையும். கூடினால் அந்த 5 வோல்ற் தள்ளாடும். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் எழும்புகிற மர்மமும் அதோடு விளங்கியது. நான் குடித்த தேத்தண்ணியால் சூடானது சப்ளை!

விளங்கினால் போதாது, கண்ணால் பார்க்க வேண்டும். இந்த இடத்தில்தான் பத்து நாள் போனது.

டிஜிட்டல் மீற்றரை ஊதா வயரில் வைத்தேன். 5.06. பொத்தானை அழுத்தினேன், விசிறி துடித்து நின்றது, மீற்றர் 5.06. குற்றம் சாட்டவே முடியாத எண். அந்த மீற்றர் ஒரு விநாடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணை மாற்றும். அதற்கிடையில் நடக்கிறதை அது கவனிக்காது. கணநேர மாற்றத்தையும் வரைந்து காட்டுகிற ஒசில்லோஸ்கோப் என்னிடம் இல்லை. அப்பாவின் அலுமாரியில் பழைய முள்ளு மீற்றர் ஒன்று கிடந்தது. பற்றரி கசிந்து தகடு அரித்திருந்தாலும் வோல்ற் அளக்கப் பற்றரி தேவையில்லையே. 10 வோல்ற் அளவில் போட்டால் 5 சரியாக நடுவில் நிற்கும். முள் கீழே சரிந்தால் கண்ணுக்குத் தப்பாது.

அடுத்த தலையிடி, முனையை எங்கே குத்துவது? 24 பின் பிளக் போர்டில் செருகி இருக்கும்போதே, வயர் நுழைகிற பின்பக்கத் துளையால் தொட வேண்டும். மீற்றரின் முனை தடிப்பு, நுழையாது. தையல் ஊசி நுழைந்தது, ஆனால் வழுக்கியது. கடைசியில் அம்மாவின் சாறிப் பின். ஊதா 9ஆம் பின். அதற்குப் பக்கத்தில் 10ஆம் பின் மஞ்சள், 12 வோல்ற். சாறிப் பின் ஒரு மில்லிமீற்றர் சரிந்து இரண்டையும் தொட்டால் போர்டே போய்விடும். ஆகவே நுனியை மட்டும் விட்டு மீதி முழுக்க ஹீட்ஸ்ரிங்க் குழாய் போட்டுச் சுருக்கினேன். பிடிப்பதற்குக் கவ்வி. மற்றக் கவ்வி கேஸின் பெயின்ற் சுரண்டிய இடத்தில். கையால் பிடித்துக்கொண்டு யாரும் இதைச் செய்யாதீர்கள். பொத்தானை அழுத்துகிற நேரம் கை கட்டாயம் அசையும்.

இரவு பிளக்கைக் கழற்றி, விடியச் செருகி, உடனே அழுத்த வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு சந்தர்ப்பம். முதல் நாள் எழும்பிவிட்டது. இரண்டாம் நாள் கரண்ட் கட். மூன்றாம் நாள் விசிறி துடித்தது, ஆனால் நான் முள்ளைப் பார்க்காமல் விசிறியைப் பார்த்துவிட்டேன்! நாலாம் நாள் போனை ஸ்லோ மோஷனில் மீற்றருக்கு முன்னால் நிறுத்தினேன். அழுத்தினேன். துடித்து நின்றது. வீடியோவைப் போட்டுப் பார்த்தால், முள் 5க்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது, அழுத்திய கணம் 4க்கும் கீழே விழுந்து திரும்ப ஏறுகிறது. ஸ்டாண்ட்பைக்கு 4.75க்குக் கீழே போக அனுமதி இல்லை. முள்ளுக்குப் பாரம் இருப்பதால் உண்மையான வீழ்ச்சி இன்னும் ஆழம். அந்த வீடியோவை மச்சானுக்கு அனுப்பினேன். “முள்ளு ஆடுது, அதுக்கென்ன?” என்று பதில் வந்தது. சொல்லி விளங்கப்படுத்தப் பொறுமை இல்லை.

உறுதிப்படுத்த அடுத்த காலை தங்கச்சியின் ஹெயார் டிரையரால் சப்ளையின் பின்பக்க வலைக்குள் ஐந்து நிமிடம் சூடு ஊதிவிட்டு அழுத்தினேன். முதல் அழுத்திலேயே எழும்பியது. மூன்று காலை, மூன்று தடவையும்.

சப்ளையை நான் திறக்கவில்லை. உள்ளே பெரிய கபசிற்றரில் 380 வோல்ற் வரை நிற்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் உடனே இறங்காது. குண்டு ரிவி காலத்திலிருந்து திருத்துகிற நானா (முஸ்லிம் அண்ணர்) ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் திறந்து, முதலில் ஒரு பழைய இழை பல்பைத் தொடுத்து இருந்த மின்னை இறக்கினார். பெரிய கபசிற்றர்களில் வீக்கம் எதுவும் இல்லை. எனக்கு முகம் வாடிவிட்டது. அவர் சிரித்தார்.

“தம்பி, பெரிய ஆள் வீங்கிக் காட்டிக்குடுப்பான். சின்னவன் நல்ல பிள்ளை மாதிரி இருந்துக்கிட்டே களவெடுப்பான்.”

ஸ்டாண்ட்பை டிரான்ஸ்போமருக்குப் பக்கத்தில், என் சுண்டுவிரல் நகமளவில், 47 மைக்ரோஃபரட் கபசிற்றர் ஒன்று. கழற்றி அளந்தார், 9 காட்டியது. இவ்வளவு சின்னதுகளின் தலையில் வெடிப்புக் கீறல் இருக்காது, அதனால் வீக்கமும் தெரியாது என்றார். வெளியீட்டுப் பக்கத்து 1000 மைக்ரோஃபரட்டும் உள்தடை ஏறி இருந்தது. இரண்டையும் மாற்றுவது என்று முடிவு.

கபசிற்றர் வாங்குவது தனிக் கதை. ஒன்லைனில் வாங்கிய முதல் பொட்டலத்தில் 105 பாகை சூடு தாங்கும் என்று அச்சடித்திருந்தது. அச்சு நகத்தால் சுரண்ட வந்தது. நானா அளந்துவிட்டு ஒன்றும் பேசாமல் குப்பைக் கூடையில் போட்டார். பிறகு கொழும்பில் இருக்கும் பெரியம்மாவின் மகன் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் ஏறி இறங்கி வாங்கி, இரவு பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டார். லோ ஈஎஸ்ஆர் (உள்தடை குறைந்தது) என்று கேட்டு வாங்குங்கள். ‘கபசிற்றர்’ என்று மட்டும் கேட்டால் ரேடியோவுக்குப் போடுவதைத் தருவார்கள். பொங்கலுக்கு அடுத்த நாள் நானா ஒட்டித் தந்தார். கபசிற்றரின் விலையை விடக் கொழும்புக்கு எடுத்த கோல் செலவு கூட.

இனி அந்த உறுத்தல். மச்சானின் சப்ளையோடும் இரண்டு நாள் எழும்பவில்லையே, ஏன்? பிளக் கழற்றாத இரவிலும் ஒன்று? அந்தக் காலைகளில் விசிறிகள் துடித்து நிற்கவில்லை, முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தன, திரை மட்டும் கறுப்பு, போர்டில் ராமில் கோளாறு என்று காட்டுகிற டிராம் லைட் எரிந்தது. இரண்டும் ‘எழும்பவில்லை’ தானே என்று கொப்பியில் ஒரே சொல்லில் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு கள்ளருக்கு ஒரே பெயரில் வழக்குப் போட்டால் எவன் பிடிபடுவான்?

இரண்டாமவன் இந்த 19 நாளில் மூன்று தடவை வந்தான். ராமின் தங்க விளிம்பை 99 வீத ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்தேன். பாமசியில் கிடைக்கும் சேர்ஜிகல் ஸ்பிரிட் வேண்டாம், சிலதில் எண்ணெய் கலந்திருக்கும். அழிறப்பரும் வேண்டாம் என்பது என் கட்சி, தங்கப் பூச்சு மெல்லியது. பிறகும் ஒரு தடவை வந்தான். இப்போது ராமைக் கூடிய வேகத்தில் ஓடவிடுகிற எக்ஸ்எம்பி செட்டிங்கை நிறுத்தி, வேகத்தை 3200இல் இருந்து 2133க்கு இறக்கி ஓடவிட்டிருக்கிறேன். ஆறு நாள் அமைதி. ஆனால் வேகத்தைக் குறைத்து வாழ எனக்கு விருப்பமில்லை. நாளைக்கு 3200ஐத் திரும்பப் போட்டு, ஒரு குச்சியை மட்டும் ஏ2 துளையில் வைத்துப் பார்க்கிற திட்டம்.

இதற்கிடையில் மனம் வேறெங்கோ ஓடுகிறது. மேசைக்குக் கீழே இருக்கும் பழைய உருண்டைப் பின் சொக்கட்டில் எர்த் இருக்கிறதா என்றே சந்தேகம். கேஸைப் புறங்கையால் தொட்டால் மெல்லச் சுறுசுறுக்கிறது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அதைத் தனி எர்த்தோடு சதுரப் பின்னுக்கு மாற்ற வேண்டும். கச்சான் காற்று தொடங்குவதற்குள் முன்பக்கத்துக்குத் தூசி வலையும் தைக்க வேண்டும். ஒரு சின்ன யூபிஎஸ் ஆசையும் இருக்கிறது, விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறேன்.

நேற்றிரவு கடல் பக்கம் மின்னியது. இனிப் பிளக்கைக் கழற்றலாமா என்று அம்மா கேட்டார். தாராளமாகக் கழற்றுங்கள், கொப்பியில் ஒரு புள்ளடி போட்டுவிடுங்கள் என்றேன். விடியப் பார்த்தால் புள்ளடி இல்லை, அம்மாவின் எழுத்தில் “இடி பெரிசாக இல்லை, ஆனாலும் கழட்டினேன்” என்று இருந்தது. அழுத்தினேன். எழும்பியது.