கையிலும் காலிஸ், வைவாவிலும் காலிஸ்

அனாடமி வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, மூன்று வாரம் இருக்கும்போது ஏற்காட்டுக்குப் போனது முதல் தப்பு. மழை விட்ட மறுநாள் கிளியூர் அருவிக்கு ரப்பர் செருப்போடு இறங்கியது இரண்டாவது. பாசி வழுக்கியதும் இடது கையை ஊன்றினேன். எழுந்து பார்த்தால் மணிக்கட்டு முள்கரண்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது. பாடப்புத்தகப் படத்தில் இருக்கும் அதே வளைவு. வலிக்கு முன்னால், 'அட, காலிஸ் முறிவு!' என்றுதான் தோன்றியது. எம்.பி.பி.எஸ். முதல் வருடத்துப் பைத்தியம் அப்படி.

தோழி ஒரு செய்தித்தாளைச் சுருட்டி அணை கொடுத்து, துப்பட்டாவில் தொட்டில் கட்டினாள். மோதிரத்தை அங்கேயே கழற்ற வைத்தாள். சேலம் வருவதற்குள் விரல்கள் வீங்கியதைப் பார்த்தபோதுதான் அவள் புத்தி புரிந்தது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே இறங்கினேன்.

அம்மா, "புத்தூர் கட்டுக்குப் போயிரலாம் கண்ணு" என்றார். எக்ஸ்ரே எடுக்காமல் யாரும் கையைத் தொடக்கூடாது என்று அடம்பிடித்தேன். கட்டைவிரல் பக்கத்து ரேடியஸ் எலும்பு கீழ்முனையில் உடைந்து புறங்கைப் பக்கம் சாய்ந்திருந்தது. மூட்டுக்குள் விரிசல் போகவில்லை, அதனால் உலோகத் தகடு வைக்க வேண்டாம், இழுத்து வைத்து மாவுக்கட்டு போட்டால் போதும் என்றார் டாக்டர்.

அந்த 'இழுத்து வைப்பது' இருக்கிறதே! முறிந்த இடத்தில் தேங்கிய ரத்தத்துக்குள்ளேயே மரப்பு ஊசி போட்டார்கள். நிஜமான வலி அதுதான். பத்து நிமிடம் கழித்து ஒருவர் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்ள, டாக்டர் கைகுலுக்குவதுபோல் பிடித்து நீளமாக இழுத்து, கட்டைவிரலால் அழுத்தினார். எலும்பு உள்ளே நகர்வது தெரிந்தது. வலிக்கவில்லை, ஆனால் அந்தச் சொரசொரப்பை நினைத்தால் இப்போதும் பல் கூசுகிறது. வீக்கத்துக்கு இடம் வேண்டுமென்று முதல் வாரம் பாதிக் கட்டுதான். மறுபடி எக்ஸ்ரே பார்த்து, எலும்பு விலகவில்லை என்ற பிறகே முழுக் கட்டு. விரல்கள் நீலம் பாய்ந்தாலோ மரத்துப்போனாலோ நடுராத்திரியானாலும் வரச் சொன்னார்கள். உள்ளே அரித்தால் எதையும் விட்டுச் சொறியாதே என்றும் சொன்னார்கள். அம்மா கொண்டுவந்த விளக்குமாற்றுக் குச்சியைப் பெரும் மனவுறுதியோடு திருப்பி அனுப்பினேன்.

அடுத்த வாரம் டிசெக்‌ஷன் ஹாலில் பெரினியம், அதாவது தொடைகளுக்கு நடுவே இடுப்புக்கூட்டின் அடிப்பகுதி. அங்கேயும் காலிஸ்தான்! டப்ளின் அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் இந்த முறிவை விவரித்தது 1814-இல். எக்ஸ்ரே வந்ததே 1895-இல். மனுஷன் கையால் தடவியே சொல்லியிருக்கிறார். பெரினியத்தின் தோலுக்கும் கொழுப்புக்கும் கீழே இருக்கும் மெல்லிய சவ்வுப் படலத்துக்கும் அவர் பெயர்தான், காலிஸ் ஃபேஷியா. இரண்டு கையும் இருந்தவர்களே அதைக் கொழுப்போடு சேர்த்துக் கிழித்தார்கள். நான் ஓரமாக நின்று புத்திமதி சொன்னேன்.

வைவாவில் சார் கேட்டார்: "சைக்கிள் பாரில் விழுந்து சிறுநீர்க்குழாய் கிழிஞ்சா, கசியற சிறுநீர் எங்கே போகும்?"

காலிஸ் படலத்தைப் பை மாதிரி நினைத்துக்கொண்டேன். பக்கவாட்டில் இடுப்பெலும்பின் கிளைகளோடும், பின்னால் பெரினியல் சவ்வோடும் ஒட்டியிருப்பதால் ஆசனவாய்ப் பக்கம் வழியில்லை. முன்னால் மட்டும் வயிற்றுச் சுவரின் ஸ்கார்ப்பா படலத்தோடு தொடர்கிறது. ஆகவே விரைப்பையில் தேங்கி, அடிவயிற்றுக்கு ஏறும் என்றேன்.

"தொடைக்கு ஏன் இறங்காது?"

"ஸ்கார்ப்பா, தொடையின் ஃபேஷியா லேட்டாவோடு ஒட்டிக்கொள்கிறது சார்."

கட்டைப் பார்த்தார். "இது எந்த முறிவு?"

"காலிஸ் சார்."

"சரிதான், ஆளைக் கையோடவே கூட்டிட்டு வந்திருக்கே."

ஆறு வாரம் முடிந்து கட்டை அறுத்த மெஷின் போட்ட சத்தத்துக்குக் கை போய்விடும் என்றே நினைத்தேன். பிளேடு சுழலாது, அதிர மட்டும்தான் செய்யும், தோலை வெட்டாது. வெளியே வந்த கை குச்சியாக, செதில் உரிந்து, நாற்றமாக இருந்தது. அப்புறம் பிசியோதெரபி: மெழுகு ஒத்தடம், பந்து பிசைதல், கும்பிடுவதுபோல் உள்ளங்கைகளைச் சேர்த்து முழங்கைகளை மெல்ல உயர்த்துவது. மடக்குவது சீக்கிரம் வந்தது. உள்ளங்கையை மேலே பார்த்துத் திருப்புவதுதான் வர மறுத்தது. டவுன் பஸ்ஸில் வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது கையை நீட்டினால், கண்டக்டர் கொடுத்த சில்லறை பாதி கீழே உருளும். இரண்டு மாதம் ஆனது, ஒரு காசும் விழாமல் வாங்க.