சாரி சொன்னது அவர்

"உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் அவ்வளவு கஷ்டமா இருக்காது, யாராவது போயிட்டா தெருவே வந்து உக்காந்துடும், எனக்கு யார் இருக்கா." இது என்கிட்ட கவுன்சலிங்குக்கு வந்த கிளையன்ட், அவர் சொன்னது. அதுக்கு நான் சொன்னதா டிரான்ஸ்கிரிப்ட்ல இருக்கறது: "'உங்க ஆளுங்க'னு நீங்க சொன்னதும் எனக்குள்ள ஏதோ சட்டுனு மூடிக்கிச்சு. அதை மறைச்சுக்கிட்டு உங்க பேச்சை கேக்க எனக்கு வரல." அடுத்த வரில மௌனம்னு எழுதி வச்சிருக்கேன். அதுக்கும் அடுத்த வரில அவர் சாரி சொல்றாரு.

பேசினது இங்கிலீஷ்ல, நான் என் தமிழ்ல சொல்றேன். ஆளை அடையாளம் தெரியற எதையும் மாத்தியிருக்கேன். மனைவியை பறிகொடுத்தவர், வயசானவர், இங்கிலாந்துக்காரர், இவ்வளவு போதும்.

இங்க காலேஜ்ல கவுன்சலிங் பவுண்டேஷன் டிகிரி பண்றவங்களுக்கு தெரியும், ரெண்டாவது வருஷம் ப்ளேஸ்மெண்ட், சூப்பர்விஷனோட, அதாவது அனுபவமுள்ள ஒரு கவுன்சலர் மேற்பார்வையில, நூறு மணி நேரம் கிளையன்ட்டை பாத்தாகணும், நடுவுல ஒரு செஷனை கிளையன்ட் சம்மதத்தோட ரெக்கார்ட் பண்ணி, அதுல ஒரு துண்டை வார்த்தை விடாம எழுதி, நாம சொன்ன ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல ஏன் சொன்னோம்னு எழுதணும். நாங்க படிக்கற கவுன்சலிங் முறையை உருவாக்கின கார்ல் ரோஜர்ஸ் 1942லயே ஒரு கேஸை முழுசா ரெக்கார்ட் பண்ணி வரி வரியா அச்சுல போட்டுட்டாரு, அந்த புண்ணியம் இன்னும் எங்க தலையில. ஹெட்போன் மாட்டிக்கிட்டு நம்ம குரலையே கேக்கறது இருக்கே, எத்தனை "ம்ம்", எத்தனை "சரி". எல்லாத்தையும் எழுதினேன். "மூடிக்கிச்சு"ன்னு நான் சொன்ன அந்த ஒரு வரிக்கு பக்கத்துல என்ன எழுதறதுனுதான் ஓடல, கடைசில "கான்குருயன்ஸ்"னு ஒத்தை வார்த்தை போட்டு குடுத்துட்டேன், உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு இல்லாம உண்மையா இருக்கறதுக்கு ரோஜர்ஸ் வச்ச பேரு.

அவர் சொன்ன வரி ஏன் குத்துச்சுன்னா, எங்கப்பா தவறினது 2020 மே மாசம். இந்தியாவுக்கு ஃபிளைட் நிறுத்தியிருந்த நேரம். ஊர்ல சாவு வீட்டுக்கு இருபது பேருக்கு மேல வரக்கூடாதுனு ரூல், தெரு எங்கருந்து வரும். தம்பி போனை தூக்கிப் பிடிச்சிருந்தான், "அப்பா மொகத்தை காட்டுடா"னு நான் கத்தறேன், அவன் காட்டறதுக்குள்ள படம் உறைஞ்சு போச்சு, மாலையும் மூங்கில் கம்பும் மட்டும் நிக்குது, பின்னாடி யாரோ "நேரமாச்சு தூக்குங்க"ங்கற சத்தம் மட்டும் வருது. இதை நான் அவர்கிட்ட சொல்லல. ஒரு வார்த்தை கூட சொல்லல. அதை எனக்கு ஆதரவா இன்னைக்கும் எடுத்து வச்சுக்கறேன், என் கதையை இழுத்து நான் அவர் நேரத்தை திங்கல.

டியூட்டர் மார்ஜின்ல எழுதினது, "இங்க அவரோட ஃபிரேம் ஆஃப் ரெஃபரன்ஸ்ல இருந்து வெளிய வந்துட்டீங்க. இது யாரோட தேவை?" அதாவது அவர் உலகத்தை பாக்கற கோணத்தை நான் விட்டுட்டேனாம். அவ்வளவுதான். நான் நேர்ல போய் கேட்டப்ப அவங்க பொறுமையா சொன்னாங்க, "அவர் உங்களைப் பத்தி பேசல, அவரோட தனிமையைப் பத்தி பேசினாரு, 'எனக்கு யார் இருக்கா'ங்கறதுதான் அந்த வாக்கியத்தோட உயிர், நீங்க முன்பாதியை பிடிச்சுக்கிட்டீங்க." சரியாத்தான் இருந்துச்சு. தலையாட்டிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு பஸ்ல வரும்போதுதான், முன்பாதியும் அவர் சொன்னதுதானேனு தோணுச்சு.

சூப்பர்வைசர் நேர் எதிர். அதே ரெக்கார்டிங்கை கேட்டுட்டு, "இத்தனை செஷன்ல நீங்க அந்த ரூமுக்குள்ள வந்தது இப்பதான், அதுக்கு முன்னாடி நல்லா பயிற்சி எடுத்த ஒருத்தர் உக்காந்திருந்தாங்க"ன்னாரு. அன்னைக்கு எனக்கு கால் தரையில படல. அதுவும் சந்தேகப்பட வேண்டிய விஷயம்தான், நமக்கு பிடிச்ச பதிலை யார் சொன்னாலும் அவங்க பெரிய ஞானி ஆயிடறாங்க.

ரோஜர்ஸ்கிட்டயே போனேன். 1957 கட்டுரைல கிளையன்ட்கிட்ட மாற்றம் வர்றதுக்கு ஆறு கண்டிஷன் சொல்றாரே, அதுல கான்குருயன்ஸ் பத்தின இடத்துல, கவுன்சலர் தன் உணர்ச்சியை எல்லாம் கொட்டறது நோக்கம் இல்ல, தன்னைப் பத்தி கிளையன்ட்டை ஏமாத்தாம இருக்கறதுதான் முக்கியம்ங்கறாரு. எம்பதிக்கும் நிபந்தனை இல்லாம ஏத்துக்கறதுக்கும் அந்த உணர்ச்சி குறுக்க நின்னா சில சமயம் பேசிடணும், கிளையன்ட்கிட்டயோ இல்ல கூட வேலை பாக்கறவர், சூப்பர்வைசர்கிட்டயோ. அந்த "இல்ல"லதான் நான் மாட்டிக்கிட்டேன். எனக்கு குறுக்க நின்னது உண்மை. ஆனா சூப்பர்விஷன் வரைக்கும் தாங்கியிருக்க முடியாதானு கேட்டா, முடிஞ்சிருக்கும். ஆனா அது வரைக்கும் மீதி செஷன் முழுக்க தலையாட்டிக்கிட்டு, "ரொம்ப தனிமையா உணர்றீங்க"னு பாடம் ஒப்பிச்சிருப்பேன், அது ஏமாத்து இல்லையா? கிளாஸ்ல குளோரியா படம் போட்டாங்க, குளோரியாங்கற பொண்ணோட ரோஜர்ஸ் நிஜமா பண்ண செஷனை படமெடுத்தது, 1965ல வந்தது. உங்களை மாதிரி ஒரு அப்பா வேணும்னு குளோரியா சொன்னதும், நல்ல மகளாத்தான் தெரியறேம்மாங்கற அர்த்தத்துல ரோஜர்ஸ் ஒண்ணு சொல்வாரு. அது உண்மையான நெருக்கமா, எல்லை தாண்டினதானு இன்னும் சண்டை ஓடுது. அவர் பண்ணா சண்டை, நான் பண்ணா மார்ஜின்ல சிவப்பு.

இன்னொண்ணு, இதை கிளாஸ்ல நான் சொல்லல. என்கூட படிச்ச யாருக்கும் ஒரு கிளையன்ட் "உங்க ஆளுங்க"னு ஆரம்பிச்சு எதுவும் சொல்லியிருக்க மாட்டாங்க. அவங்க எல்லாம் வெள்ளைக்காரங்க, அன்பானவங்க, குறை சொல்லல. அவங்களுக்கு அன்கண்டிஷனல் பாசிட்டிவ் ரிகார்டு, அந்த நிபந்தனை இல்லாம ஏத்துக்கறதுன்னா தன்னை விட்டு வெளிய போய் இன்னொருத்தரை பாக்கறது. எனக்கு அது பல நாள், கவுன்ட்டர்லயும் ஸ்கூல் கேட்லயும் பண்ற அதே வேலையா இருந்துச்சு, காதுல விழாத மாதிரி சிரிக்கறது. அந்த சிரிப்பை படிச்சு டிகிரி வாங்கவா நான் வந்தேன்? இப்படி எழுதும்போது எனக்கே நியாயமா படுது. ஆனா அந்த மனுஷன் கவுன்ட்டர்ல நிக்கற ஆள் இல்ல, பொண்டாட்டியோட செருப்பை இன்னும் வாசல்ல இருந்து எடுக்காத ஆள். ஒப்பாரி வைக்க ஆள் இருக்கற ஊர்னு டிவில எதையோ பாத்துட்டு பொறாமைப்பட்டாரு. பொறாமைதான் அது, அவமதிப்பு இல்ல. அதை நான் அப்பவே கேட்டிருக்கலாமோ?

ஆனா என்னை நிஜமா அரிக்கறது அந்த சாரியும் அதுக்கப்புறம் நடந்ததும். அவர் நின்னுடல, மிச்ச செஷன் எல்லாத்துக்கும் வந்தாரு. நல்லா பேசினாரு, அழுதாரு, ஒரு தடவை மனைவி மேல கோவமா கூட பேசினாரு. ஆனா முன்னாடி மாதிரி வாய்க்கு வந்தபடி பேசவே இல்ல. ஒரு வாக்கியத்தை ஆரம்பிச்சு என் முகத்தை பாத்து வேற மாதிரி முடிப்பாரு. எங்க உறவு ஆழமானதால பொறுப்பா பேசினாரா, இல்ல இந்த பொண்ணு மனசு நோகக் கூடாதுனு என்னை அவர் பாத்துக்க ஆரம்பிச்சாரா? இவங்க முன்னாடி இப்படி இருந்தாதான் ஏத்துப்பாங்கனு ஒரு கண்டிஷன் ஆஃப் வொர்த்தை நானே அவர் மேல ஏத்திட்டேனா? சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன், "அவர்கிட்ட கேட்டீங்களா?"ன்னாரு. கேக்கல. கேட்டிருந்தா திரும்பவும் சாரிதான் சொல்லியிருப்பாருனு பயம்.

முடிக்கும்போது கோர்-10 ஃபார்ம்ல, மனக்கஷ்டத்தை அளக்கற பத்து கேள்வி ஃபார்ம் அது, ஸ்கோர் நல்லா இறங்கியிருந்துச்சு. அது எதையும் காட்டாது, மாசம் ஓடினா தானாவும் இறங்கும். அசைன்மெண்ட் பாஸ். இனிமே இப்படி வாயை விட மாட்டேன்னு அப்ப முடிவு பண்ணேன், அப்புறம் வேற ஒருத்தர்கிட்ட கிட்டத்தட்ட அதே மாதிரி சொல்லிட்டேன், அவங்க சிரிச்சுட்டு மேல பேசினாங்க.

இப்ப வேலைக்கு அப்ளிகேஷன் போட்டுட்டு இருக்கேன். கிளையன்ட் வேலைல சவாலா இருந்த ஒரு தருணத்தை விவரிக்கவும்னு எல்லா ஃபார்ம்லயும் ஒரு கட்டம் வருது. அதுல நான் வேற ஒரு கேஸைத்தான் எழுதறேன்.