நடக்கத் தெரியாத பையன்

2025 நவம்பர் 11, செவ்வாய்

ஜப்பானிய நடிகர் தட்சுயா நகடாய் போய்விட்டார். எட்டாம் தேதியே இறந்திருக்கிறார், செய்தி இன்றுதான் வந்தது. வயது 92. அடுத்த மாதம் 13 வந்திருந்தால் 93.

சாப்பிட்டுவிட்டு 'செவன் சாமுராய்' போட்டு அவர் வரும் இடத்தைத் தேடினேன். கூலிக்குச் சண்டை போட ஆள் கிடைக்குமா என்று கிராமத்தார் தெருவைப் பார்த்து நிற்கும்போது கடந்துபோகிற சாமுராய்களில் ஒருவர். சில விநாடிகள்தான். கண் சிமிட்டினால் போச்சு.

அதற்காக இயக்குநர் குரோசாவா அவரை அரை நாள் நடக்கவிட்டார். ஹையூசா நாடகக் குழுவின் பள்ளியில் நவீன நாடகம் படித்துக்கொண்டிருந்த பையன். கிமோனோவும் இடுப்பில் வாளும் அந்தக் காலுக்குப் புதிது. திரும்பத் திரும்ப நடை, திரும்பத் திரும்பத் திட்டு. மொத்தப் படப்பிடிப்புக் குழுவும் இவருக்காகக் காத்து நின்றது. இனி குரோசாவா படத்தில் தலைகாட்டுவதில்லை என்று அன்றே முடிவுகட்டிவிட்டாராம்.

நவம்பர் 12

'யோஜிம்போ', பாதி மட்டும். இதற்குக் கூப்பிட்டபோது மறுத்திருக்கிறார். அந்தப் பழைய நடை ஞாபகம் இருப்பதால்தான் கூப்பிடுகிறேன் என்றாராம் குரோசாவா. வாள்களுக்கு நடுவே கைத்துப்பாக்கியோடு, கழுத்தில் மஃப்ளர் சுற்றி வருகிற அந்த வில்லன் நடையில் இப்போது பிசிறே இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

'ஹரகிரி'. எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

1962 படம். அப்போது அவருக்கு 29 வயது. நடித்ததோ மகளைக் கட்டிக்கொடுத்து பேரனையும் பார்த்துவிட்ட சாமுராயாக. பெரிய வீட்டு முற்றத்தில், வெள்ளை விரிப்பில் உட்கார்ந்து கதை சொல்கிறார். படத்தில் பெரும்பகுதி அவ்வளவுதான்: ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான், பேசுகிறான். குரலை அடிவயிற்றுக்கு இறக்கி வைத்திருக்கிறார். முகத்தில் ஒட்டிய தாடியைவிட அந்தக் குரல்தான் இருபது வயதைக் கூட்டிக்காட்டுகிறது. இது சினிமாவில் கற்றதில்லை, கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டிய மேடையில் கற்றது. மைக்கை நம்பிப் பேசும் நடிகரால் இப்படி மெதுவாக மிரட்ட முடியாது.

காற்றடிக்கும் புல்வெளிச் சண்டையில் இருந்தது நிஜ வாள்களாம். பயமாக இருந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். எனக்குச் சோபாவில் உட்கார்ந்தே பயமாக இருந்தது.

நவம்பர் 18

'தி ஹியூமன் கண்டிஷன்' மூன்று பாகமும் சேர்ந்தால் ஒன்பதரை மணி நேரம். வேலைநாளில் நடக்கிற காரியமா? கடைசி அரை மணி மட்டும் பார்த்தேன். மஞ்சூரியப் பனியில் மனைவியிடம் போய்ச் சேர நடந்துகொண்டே இருக்கிறான் இவர் நடித்த காஜி. விழுகிறான். பனி மூடுகிறது. இதையும் 'ஹரகிரி'யையும் எடுத்த கோபயாஷிதான் இவரைக் கண்டெடுத்த இயக்குநர். குரோசாவா பேரைத்தான் எல்லோரும் சொல்கிறோம்.

நவம்பர் 22, சனி

குரோசாவாவின் 'ரான்'. ஷேக்ஸ்பியரின் லியர் அரசன் கதை ஜப்பானிய மண்ணில். ஃபுஜி மலைச் சரிவில் கோட்டை கட்டி, அதை நிஜமாகவே கொளுத்தினார்கள். இரண்டாவது டேக்குக்குக் கோட்டை கிடையாது. பின்னால் தீ எரிய, சித்தம் கலங்கிய கிழவன் கல்படிகளில் இறங்கி வர வேண்டும். தடுக்கினால் எல்லாம் வீண். இறங்கினார். அரை நாள் நடந்தும் தேறாத அதே பையன், 52 வயதில், ஒரே டேக்கில்.

ரீவைண்ட் பண்ணி நான்கு முறை பார்த்தேன். கண்கள் எங்கேயோ நிலைகுத்தி நிற்கின்றன. படிகளைக் குனிந்தே பார்க்கவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

எந்த ஸ்டூடியோவுக்கும் எழுதிக்கொடுக்காமல், ஆண்டில் பாதியை நாடகத்துக்கு ஒதுக்கிவைத்த மனிதர். 1975இல் மனைவி மியாசாகி யாசுகோவோடு தொடங்கிய நடிப்புப் பள்ளிக்கு 'முமெய்ஜுகு' என்று பெயர், பேரில்லாதவர்களின் பள்ளி. கட்டணம் கிடையாது. வார்டு அலுவலக வேலையை விட்டு வந்து சேர்ந்த ஒருவருக்கு 'யாகுஷோ', அதாவது அரசு அலுவலகம், என்றே பெயர் வைத்துவிட்டார். அந்த கோஜி யாகுஷோதான் 2023இல் கான் விழாவின் சிறந்த நடிகர். குறும்புக்காரக் குரு.

ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தில் இந்தப் பள்ளியின் குழுவால் உருவான நாடக அரங்கில் மேடையின் பின்சுவர் திறக்கும். அப்பால் புல்லும் மரங்களும்தான். 2024 நிலநடுக்கம் அந்தப் பகுதியைப் புரட்டிப்போட்டது. இந்த ஆண்டு அங்கே போய் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் 'மதர் கரேஜ்' நாடகத்தைப் போட்டிருக்கிறார், அந்தத் தாயாக, 92 வயதில். கடைசிக் காட்சியில் பிள்ளைகள் மூவரையும் பறிகொடுத்தவள் தன் வண்டியைத் தனியாக இழுத்துக்கொண்டு படைக்குப் பின்னால் நடக்க வேண்டும்.