பல்தடத்தை ஸ்கேன் செய்யும் முன்

கடிபட்ட இடத்தில் முதல் வேலை ஸ்கேனருக்கு இல்லை, பஞ்சுக்குச்சிக்கு. ஈரக்குச்சியால் ஒருமுறை, காய்ந்த குச்சியால் ஒருமுறை துடைத்து எச்சிலிலுள்ள டி.என்.ஏ.வைச் சேகரித்துவிடணும். அப்புறம் எல் வடிவ ஏ.பி.எஃப்.ஓ. (அமெரிக்கத் தடயவியல் பல்மருத்துவ வாரியம்) எண் 2 அளவுகோலைத் தடத்தின் அதே தளத்தில் வைத்து, கேமராவை 90 டிகிரியில் பிடித்துப் படம். அளவுகோலில் இருக்கும் வட்டம் முட்டை வடிவமாக விழுந்தால் கோணம் சாய்ந்துவிட்டது, திரும்ப எடுங்கள்.

சந்தேக நபரின் பல்வரிசையை வாய்க்குள்ளேயே ஸ்கேன் செய்தால், பல்லை அச்செடுக்கும்போது அந்த அச்சு சுருங்கும் தொல்லை இல்லை. பல்நுனி விளிம்பை மட்டும் பிரித்துத் தடத்தின்மேல் வைத்துப் பார்க்கலாம்.

சிக்கல் தோலில்தான். அது வீங்கும், இழுபடும், கை மடங்கியிருந்த நிலைக்கேற்ப தடமே மாறும். அமெரிக்காவில் ரே க்ரோன் 1992இல் பல்தடத்தை நம்பித் தண்டிக்கப்பட்டவர், 2002இல் டி.என்.ஏ. அவரை மீட்டது. அதனால், ஸ்கேன் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், ‘கடித்தது இவர்தான்’ என்று முடிக்கும் அறிக்கையை ஏற்கவே கூடாது.