மழைக்கு ஒதுங்கிய இடத்தில் ஒரு மொகா

டோக்கியோவில் கடைசி நாள். ஜிம்போச்சோ பழைய புத்தகக் கடைத்தெருவில் சுற்றிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொள்ள, பக்கத்திலிருந்த அச்சோவியக் கடை ஒன்றில் ஒதுங்கினேன். உள்ளே சுவரில் இவள்.

குட்டையாக வெட்டிய முடி, சிவந்த உதடு, விரலிடுக்கில் சிகரெட், முன்னால் காக்டெயில் கிளாஸ். ஓவியர் கொபயகாவா கியோஷி 1930-இல் வெளியிட்ட 'ஹொரோயோய்' என்ற அச்சோவியம். லேசாக ஏறிய போதை என்று அர்த்தம். 'மாடர்ன் கேர்ள்' என்பதை ஜப்பானியர்கள் 'மொகா' என்று சுருக்கிக்கொண்டார்களே, அந்த மொகா என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது இந்த முகம்தான்.

கடைக்காரப் பெரியவர் ஒன்றும் பேசாமல் ஒரு பூதக்கண்ணாடியை நீட்டினார். முடியின் ஓரத்தில் வைத்துப் பார்த்தேன். பழங்காலத்து மர அச்சோவியங்களில் அழகிகளின் கொண்டையை இழை இழையாகச் செதுக்கிப் பழகிய அதே மரபு, நிறத்துக்கு ஒரு மரப்பலகை என்ற அதே முறை, இப்போது பாப் வெட்டிய தலைக்கு! ஆறு படங்கள் கொண்ட வரிசையில் இதுதான் முதல். மற்றவை கண், உதட்டுச்சாயம், கால் நகம் என்று அலங்காரத்தோடு நின்றுவிடுகின்றன. வரைந்தவர் ஆண்தானே, குடிக்கிற பெண்ணைக் கிண்டல் செய்கிறாரா, இல்லை சொக்கிப்போய்விட்டாரா? சொக்கிப்போனார் என்றுதான் எனக்குப் படுகிறது.

அப்புறம் ஒரு தொகுப்பு நூலை எடுத்துப் புரட்டினேன். 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு எழுந்த நகரத்தை எட்டு ஓவியர்கள் சேர்ந்து நூறு காட்சிகளாக அச்சிட்டிருக்கிறார்கள், அவர்களில் ஒருவரான ஒன்ச்சி கோஷிரோ எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று ஒரு நடன அரங்கம். அந்த அரங்கங்களில் டிக்கெட் வாங்கி, பாட்டுக்கு ஒன்றாக நடனப் பெண்ணிடம் கொடுத்து ஆட வேண்டும். ஜாஸ் முழங்க, போலீஸ் ஒரு கண் வைத்திருக்க, எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. 1940 அக்டோபர் கடைசியில் டோக்கியோவில் எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள்.

சும்மா விலை கேட்டேன். பெரியவர் கால்குலேட்டரில் தட்டிக் காட்டினார். சிரித்தபடி ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

சாயங்காலம் ஜின்சா. மொகாக்கள் வேலைவெட்டியில்லாமல் உலாத்திய தெரு, அதற்கு 'ஜின்புரா' என்று தனிப் பெயரே உண்டு. கால் வலித்தது. தண்ணீர் வாங்க ஒரு கடைக்குள் போனால், குளிர்பெட்டியில் வரிசையாக சன்டோரியின் பழச்சுவை டின்கள், 3 சதவீத ஆல்கஹால். பெயர் 'ஹொரோயோய்'. சரி, இந்த விலை கட்டுப்படியாகும் என்று இரண்டு எடுத்துக்கொண்டேன்.