தேடி வந்த இரக்கம்: தருமபுரிப் பேராலயத்தில் ஒரு தவக்கால வெள்ளி

கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம் வழியாகத் தருமபுரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மாந்தோப்புகளும் அவற்றுக்கு அப்பால் பாறைக் குன்றுகளும் நெடுந்தூரம் உடன் வருகின்றன. கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய இவ்விரு மாவட்டங்களுக்குமான கத்தோலிக்க மறைமாவட்டம் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள திருச்சபைப் பகுதி) 1997ஆம் ஆண்டு சேலம் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது. திருஇருதய ஆண்டவர் பேராலயமே அதன் தலைமை ஆலயம். இயேசுவின் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், அவருடைய பாடுகளை நிலை நிலையாக நினைவுகூரும் சிலுவைப்பாதை வழிபாட்டில் பங்கேற்பதற்காக அங்கே சென்றிருந்தேன்.

வழிபாடு தொடங்குமுன் விவிலியத்தின் 51ஆம் திருப்பாடலை எடுத்துப் படித்தேன். உரியா என்ற படைவீரனின் மனைவி பத்சேபாவிடம் தவறிய அரசர் தாவீதை இறைவாக்கினர் நாத்தான் சந்தித்தபின் பாடப்பட்டது என்று அதன் தலைப்பே சொல்கிறது. அந்தத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு சாமுவேல் இரண்டாம் நூலுக்குச் சென்றால், நம்மை நடுங்கவைக்கும் ஒரு செய்தி அங்கே இருக்கிறது. உரியாவைப் போர்முனையில் சாகவிட்டு, அவன் மனைவியைத் தன் மனைவியாக்கி, குழந்தையும் பிறந்துவிட்ட பின்னரும் தாவீது வாய் திறக்கவில்லை. அத்தனை மாதங்களும் அவர் அரசராக அமர்ந்து பிறருக்கு நீதி வழங்கிக்கொண்டுதான் இருந்திருப்பார். பாவத்தின் கொடுமையாக நான் கருதுவது இதைத்தான்: செய்த தீமையைவிட, அதனோடு இயல்பாக வாழப் பழகிவிடும் மனம். 12ஆம் அதிகாரம் ஆண்டவர் நாத்தானை அனுப்பினார் என்று தொடங்குகிறது. தாவீது கடவுளைத் தேடிப் போகவில்லை, கடவுளே ஆளனுப்பினார். ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையை நாத்தான் சொல்லக் கேட்டுக் கொதித்தெழுந்த அரசரிடம், அந்த மனிதன் நீரே என்று சொல்லப்பட்ட பிறகுதான் பாவம் செய்தேன் என்ற சொல் அவரிடமிருந்து வந்தது.

ஆகவே மனந்திரும்புதல் நாம் தொடங்கிவைக்கும் செயலன்று என்றே நான் நம்புகிறேன். அன்று குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் ஒப்புரவு அருளடையாளத்துக்காக (எங்கள் பெரியவர்களுக்கு அது இன்னமும் பாவசங்கீர்த்தனம்தான்) வரிசையில் நின்றவர்களில் எவரும் தம் மன உறுதியால் மட்டும் அங்கே வந்திருக்க முடியாது. லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில், தன்னைக் கூலியாளாக வைத்துக்கொள்ளும்படி கேட்பதற்கு வாக்கியங்களை ஆயத்தம் செய்துகொண்டு வருகிறான், தந்தையை விட்டுப் போய்ச் சொத்தை அழித்த இளைய மகன். அவன் தொலைவில் வரும்போதே ஓடிச்சென்று தழுவிக்கொண்ட தந்தையோ, அந்தக் கடைசி வேண்டுகோளைச் சொல்லவே இடம் தரவில்லை. நாம் பாவிகளாய் இருந்தபோதே கிறிஸ்து நமக்காக உயிர்விட்டார் என்று உரோமையருக்குப் பவுலடியார் எழுதியதும் இதுவே.

இயேசு சிலுவையில் உயிர்விடுவதை நினைவுகூரும் சிலுவைப்பாதையின் 12ஆம் நிலையில் முழந்தாளிட்டபோது, பேராலயம் தாங்கியிருக்கும் திருஇருதயம் என்ற பெயரின் பொருள் நெஞ்சில் தைத்தது. யோவான் நற்செய்தியின்படி, இறந்த இயேசுவின் விலாவை ஈட்டியால் குத்தியவன் ஒரு படைவீரன். அவன் மன்னிப்புக் கேட்டு நின்றவனல்லன். அந்தக் காயத்திலிருந்தும் இரத்தமும் தண்ணீரும் வழிந்தன.

இந்த அருளை எளிதாக எண்ணிவிடலாகாது. மன்னிக்கப்பட்ட பின்பும் தாவீதின் குழந்தை இறந்தது, அவர் வீட்டை விட்டு வாளும் நீங்கவில்லை. மன்னிப்பு விளைவுகளைத் துடைத்தழிக்கவில்லை. ஆனால் அந்த விளைவுகளின் நடுவிலும் கடவுள் முன் நிற்கும் உரிமையை அவருக்குத் திருப்பித் தந்தது. பிள்ளை இறந்ததை அறிந்ததும் தாவீது தரையிலிருந்து எழுந்து, குளித்து, உடை மாற்றி, முதலில் சென்றது ஆண்டவரின் இல்லத்துக்குத்தான்.